நாச்சிமுத்து சாரின் மெயில்

பிப்ரவரி 12

கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க மகள் சம்முவின் ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுதுகிறேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.

பேப்பரில் நான்காம் பக்கத்தில் சின்னதாக வந்திருந்தது. உடுமலைக்குத் தெற்கே கரட்டுப்புதூரில் மாவுக்கடை வைத்திருந்த மயிலாத்தாள் என்ற பெண், கிரைண்டரைத் தொட்டபோது கரண்ட் அடித்து இறந்துவிட்டார். எந்தக் கம்பெனி கிரைண்டர் என்று போடவில்லை. ஆனால் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேன்டீனில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பத்து மணிக்குத் தரப் பரிசோதனைப் பிரிவின் நாச்சிமுத்து சாரை, உற்பத்தி மேலாளர் ரவீந்திரன் சாரின் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் கதவு திறக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் கம்ப்யூட்டர் பிரிவு. யாருக்கு மெயில் வரவில்லை, யாருடைய பெட்டி நிரம்பிவிட்டது என்று பார்ப்பது என் வேலை.

வீட்டில் இருப்பதும் எங்கள் கம்பெனி கிரைண்டர்தான். இன்றைக்கு மாவு ஆட்டும் முறை. ஆட்டவில்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கி வந்தேன். "ஏன், கிரைண்டர் ரிப்பேரா?" என்று என் வீட்டுக்காரர் கதிர்வேல் கேட்டார். அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன் என்றேன். அரிசி சமையலறையில் ஊறிக்கொண்டுதான் இருந்தது.

பிப்ரவரி 14

நாச்சிமுத்து சாரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க என் மேசைக்கு வந்தார். வழக்கம்போல நன்றாக இஸ்திரி போட்ட சட்டை.

"இந்தாங்க வாசுகி அம்மிணி. சார்ஜரும் உள்ளாறயே வெச்சிருக்கறேன்."

"உக்காருங்க சார்."

"உக்கோந்து என்ன பண்றது? செக்யூரிட்டி வெளிய நிக்கறான். கேட்டு வரைக்கும் கொண்டாந்து உடச் சொல்லியிருக்கறாங்களாமா."

அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் டிசம்பர்லயே ரவீந்திரன் சாருக்கு மெயில் போட்டேன் அம்மிணி. இந்த லாட் கிரைண்டரை அனுப்பாதீங்கன்னு. இப்ப அவரு அப்படியொரு மெயிலே வரலைங்கறாரு. நாந்தான் சரியா டெஸ்ட் பண்ணாம பாஸ் பண்ணிட்டனாமா. லேப்டாப்பையும் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்குது? உங்க சர்வர்ல இருக்குமல்லோ?"

"இருக்கோணுமுங்க சார். பாக்கறேன்."

"பாருங்க. இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதும்."

இருபது வருஷமாக அவரைத் தெரியும். சம்மு பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு அவரும் அவர் மனைவி தங்கமணியும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். கதிர்வேலின் லேத்துப் பட்டறைக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஷாஃப்ட் கடையும் வேலை கிடைக்க முதலில் சிபாரிசு செய்ததும் அவர்தான்.

மாலையில் தேடிப் பார்க்கலாம் என்றிருந்தேன். வேறு வேலை வந்துவிட்டது. பார்க்கவில்லை.

பிப்ரவரி 15

கிரைண்டரில் ரப்பர் புஷ் எதற்கு என்று கதிர்வேலிடம் கேட்டேன். மோட்டார் ஒயர் தகரத்தில் இருக்கும் ஓட்டை வழியாக வரும். அந்த ஓட்டையின் விளிம்பில் ஒயர் உரசாமலிருக்க அதைப் போடுவார்கள். கட்டைவிரல் நகமளவு இருக்கும் என்றார். அது இல்லாவிட்டால்?

"ஆட ஆட ஒயர் அறுபடும். பாடி பூராக் கரண்ட் ஏறும். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

பிப்ரவரி 20

எங்கள் பிரிவுத் தலைவர் மோகனசுந்தரம் சார் உள்ளே கூப்பிட்டார். டீ சொன்னார். அவர் டீ சொன்னால் விஷயம் இருக்கிறது என்று பொருள்.

"நாச்சிமுத்து பெட்டி மேல ஹோல்டு ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க சார்."

"நல்லது. பாலிசி என்னமோ அதும்படியே போகட்டும். வேலையை விட்டுப் போனவங்க பெட்டி அறுவது நாள்ல தானா அழியுது. எல்லாருக்கும் அப்படித்தான, இவருக்கும் அப்படித்தான். நாம எதையும் அழிக்கலைங்க. புரியுதுங்களா? நாம ஒண்ணுமே பண்ணலை."

புரிந்தது. ஹோல்டு என்பது ஒரு பெட்டியின் மீது நாங்கள் போடும் பூட்டு. அது இருந்தால் எத்தனை வருஷமானாலும் சர்வர் அந்தப் பெட்டியை அழிக்காது. இல்லாவிட்டால் நாள் வந்ததும் அதுபாட்டுக்கு அழித்துவிடும். யாரும் பொத்தானை அழுத்தவேண்டியதில்லை. பழைய மெயில்கள் சேர்ந்து இடம் போதாமல் போனதால் இரண்டு வருஷத்துக்கு முன் இந்த விதிகளைக் கொண்டுவந்தோம். எழுதிக் கொடுத்தது நான். மேலே யாரும் முழுதாகப் படித்தார்களா தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 3

கதிர்வேலுக்கு எங்கள் கம்பெனியிலிருந்து புது ஆர்டர். பழையதைப்போல இரண்டு மடங்கு. இன்னும் ஒரு மிஷின் போடவேண்டும் என்கிறார். சந்தோஷமாக இருக்கிறார்.

மார்ச் 9

காலையில் உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "அம்மிணி" என்று குரல் கேட்டது. நாச்சிமுத்து சார். முகத்தில் நாலைந்து நாள் தாடி. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"போன் பண்ணேனுங்க. நீங்க எடுக்கலை. வேலையா இருந்திருப்பீங்க."

"ஆமாங்க சார். ஆடிட் நடக்குது."

"தேடுனீங்களா?"

பக்கத்தில் ஒரு அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு தக்காளி எடுத்தார். நான் கையிலிருந்ததைக் கூடையில் போட்டேன்.

"தேடுனேங்க. ஒண்ணும் சிக்கலைங்க சார்."



"நல்லாப் பாத்தீங்களா? டிசம்பர் கடைசி. பொங்கல் ஆர்டர் போச்சே, அந்த வாரம்."

"பாத்தேங்க."

"அப்புடிங்களா." தலையை ஆட்டிக்கொண்டார். "போட்டேன்னுதான் எனக்கு நெனப்பு. அடிச்சுட்டு அனுப்பாம உட்டுட்டனோ என்னமோ. அன்னிக்குப் பூராப் பல்லு வலி வேற."

நான் சரியாகத் தேடவில்லை என்பதுதான் உண்மை. அதனால் சிக்கவில்லை என்று சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்காளியில் பாதி அழுகல்.

மார்ச் 17

சம்முவுக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. எப்படி என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

மார்ச் 24

ஆடிட்டர்கள் மெயில் பாதுகாப்பு விதிகளின் நகல் கேட்டார்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டினேன்.

ஏழாவது விதி: விபத்து, புகார், வழக்கு இவற்றில் ஏதாவது வந்தாலோ வரும் என்று தோன்றினாலோ, அது சம்பந்தப்பட்டவர்களின் பெட்டிகளை உடனே ஹோல்டில் போடவேண்டும். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. அது மெயில் நிர்வாகியின் பொறுப்பு.

மெயில் நிர்வாகி நான்தான். எழுதும்போது வேறு கம்பெனிகளின் விதிகளைப் பார்த்துச் சேர்த்தேன். ஒரு அழகுக்காக. அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஆடிட்டர் பையன் சின்ன வயசு. பக்கங்களைப் புரட்டி, "ஏழாவது ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு மேடம், நல்ல பாலிசி" என்றான். நன்றி என்றேன்.

ஏப்ரல் 15

நேற்று வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பாயசம். கதிர்வேலின் அக்கா வீட்டார் வந்திருந்தார்கள்.

இன்று காலை ஆபீஸ் போனதும் பட்டியலைத் திறந்தேன். நாச்சிமுத்து என்ற பெயர் இல்லை. N எழுத்து வரிசை இப்போது நரசிம்மனில் தொடங்கியது, அடுத்து நசீர். சார் இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். திரையில் ஒரு இடைவெளிகூட விழவில்லை.

நான் எதையும் செய்யவில்லை. பொத்தானைத் தொடக்கூட இல்லை.

ஏப்ரல் 28

பெர்சனல் டிபார்ட்மென்ட் ஷீபா மேடம் சாப்பிடும்போது சொன்னார்: "நாச்சிமுத்து சார் போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டாராம். டெஸ்ட் பண்றதுல தன் கவனக்குறைவுன்னு. நம்ம கம்பெனி வக்கீல்தான் பேசி முடிச்சார். ஒத்துக்கிட்டா கேஸை அவரே நடத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கார். பாவம், வேற வழி?"

"அவரா எழுதிக் கொடுத்தாரு?"

"யாரும் அடிச்சு உதைச்சு வாங்கலையே வாசுகி. அவர் கையெழுத்துதான்."

தயிர் சாதம் பாதி இருந்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டேன். ஷீபா மேடம், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மே 6

சம்முவுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல மார்க். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தாள். தங்கமணி அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அவர்கள் வீட்டில் பிரச்சினை என்றேன்.

மே 9

தங்கமணி அக்காவே வந்துவிட்டார். சம்முவுக்குக் கொடுக்க ஒரு பேனா வாங்கி வந்திருந்தார். அவள் வெளியே போயிருந்தாள்; கதிர்வேல் பட்டறையில். வீட்டில் நான் மட்டும்.

வாசலிலேயே நின்றார். கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார்.

"அவரு முந்தாநேத்து கரட்டுப்புதூரு போயிருக்கறாரு கண்ணு. எங்கிட்டச் சொல்லலை. அந்தப் பொம்பளை வீட்டுக்காரரு ஆறுச்சாமியாமா, அவரு கால்ல உழுந்துட்டு வந்திருக்கறாரு. நாந்தான் உங்க ஊட்டுக்காரியக் கொன்னுட்டேன், மன்னிச்சுருங்கன்னு."

"அய்யோ."

"அந்த மனுசன் உள்ள போயிக் கதவைச் சாத்திட்டாராமா. இவரு வாசல்ல பொழுது சாயற வரைக்கும் உக்கோந்திருந்துட்டு வந்திருக்கறாரு."

டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"முதல்ல மெயில் போட்டேன் போட்டேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. உங்களைச் சந்தையில பாத்துட்டு வந்த பின்னாலதான் மாறிட்டாரு. வாசுகி தேடிப் பாத்துட்டுச் சொல்லிருச்சு, அது பொய் சொல்லாது, அப்ப நாந்தான் போடலைங்கறாரு. போட்டதா மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டனாட்ட இருக்குதுங்கறாரு. எழுதிக் குடுக்காதீங்கன்னு நானும் எங்கண்ணனும் எவ்வளவோ சொன்னோம். கேக்கலையே."

என்னிடம் எதையும் கேட்க வரவில்லை அவர். யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது, எங்கள் வீட்டுக்கு வந்தார். போகும்போது, "நீங்க ஒருக்கா வந்து அவருகிட்டப் பேசுங்க கண்ணு. நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றார்.

மே 10

இத்தனை நாள் எழுதாததை எழுதுகிறேன். பார்க்கவில்லை என்று இதில் எழுதியது பொய்.

பிப்ரவரி 14 அன்று, நாச்சிமுத்து சார் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்திலேயே தேடினேன். உடனே கிடைத்தது. டிசம்பர் 22. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ரப்பர் புஷ் சப்ளை வரவில்லை, புஷ் இல்லாமலே லாட் முழுவதையும் அசெம்பிள் செய்திருக்கிறார்கள், ஒயர் தகரத்தில் உரசுகிறது, தயவுசெய்து அனுப்பவேண்டாம், நான் பாஸ் செய்யவில்லை என்று. கடைசி வரியை மட்டும் தமிழிலேயே, ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்: "ஆள் போயிரும் சார்."

அதற்கு ரவீந்திரன் சாரின் பதிலும் இருந்தது. "போனில் பேசலாம். இதையெல்லாம் மெயிலில் எழுதாதீர்கள்."

ரவீந்திரன் சாரின் பெட்டியிலும் பார்த்தேன். அங்கே இரண்டும் இல்லை. அழித்திருக்கிறார். ஆக, உலகத்திலேயே அந்த மெயில் நாச்சிமுத்து சாரின் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

ஹோல்டு போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு திரையை மூடிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அழிந்த பெட்டி உடனே போய்விடாது. சர்வர் அதை இன்னும் ஒரு மாதம் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும். ஏப்ரல் 15 அன்றே இது எனக்குத் தெரியும். தினமும் தெரியும்.

மே 11

காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ் போனேன். நாச்சிமுத்து சாரின் பெட்டியை மீட்டேன். மெயில் இருந்தது, பதிலும் இருந்தது. ஹோல்டு போட்டேன். பிறகு ஏழாவது விதியைக் குறிப்பிட்டு, இந்தப் பெட்டி வழக்கு முடியும்வரை பாதுகாக்கப்படுகிறது என்று எம்.டி.க்கும் மோகனசுந்தரம் சாருக்கும் கம்பெனி வக்கீலுக்கும் ஒரே மெயிலாக அனுப்பினேன். இனி அழித்தால், அழித்தது யார் என்று தெரியும்.



மதியம் தங்கமணி அக்காவுக்குப் போன் செய்தேன். "மெயில் இருக்குதுங்கக்கா. சார் போட்டிருக்கறாரு. இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லி, கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிக் கேக்கச் சொல்லுங்க." மறுமுனையில் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மே 13

மோகனசுந்தரம் சார் இன்றைக்கு டீ சொல்லவில்லை.

"ஏனுங்க வாசுகி, இங்க உங்களுக்கு என்ன கொறை வெச்சோம்?"

"விதிப்படிதானுங்க சார் பண்ணியிருக்கறேன்."

"விதி பிப்ரவரிலயும் அதேதானுங்க இருந்துச்சு?"

அவருக்குத் தெரிந்திருக்கிறதா, சும்மா கேட்டாரா என்று புரியவில்லை. நாளையிலிருந்து ஸ்டோர்ஸில் உட்காரச் சொல்லிவிட்டார். பழைய கம்ப்யூட்டர்களுக்கு நம்பர் ஒட்டும் வேலை. பாஸ்வேர்டுகளை வாங்கிக்கொண்டார்கள்.

மே 20

உடுமலை இன்ஸ்பெக்டர் அமுதவல்லி கம்பெனிக்கு வந்து மெயில் நகலை முறைப்படி வாங்கிக்கொண்டார். என்னிடமும் வாக்குமூலம் எழுதினார். என் வயசுதான் இருக்கும். நிதானமாகப் பேசுகிறார்.

"இந்த மெயிலை முதல்ல எப்ப பாத்தீங்க?"

"மே பதினொண்ணுங்க மேடம். பெட்டியை மீட்டபோது."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

யார் எப்போது எந்தப் பெட்டியில் தேடினார்கள் என்ற பதிவைச் சர்வர் தொண்ணூறு நாள்தான் வைத்திருக்கும். பிப்ரவரி 14-இன் பதிவு போன வாரம் தானாக அழிந்துவிட்டது. அந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

மே 25

ரவீந்திரன் சாரை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த லாட்டில் விற்ற கிரைண்டர்களையெல்லாம் திரும்ப வாங்கக் கம்பெனி விளம்பரம் கொடுத்திருக்கிறது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் பாப்பாத்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு ஆளு இல்லைன்னா அந்த மனுசன் ஜெயிலுக்குப் போயிருப்பாருங்க" என்றார். ஷீபா மேடம்கூடத் தனியாக வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். கையை உதறிவிடவேண்டும்போல இருந்தது.

கதிர்வேலின் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். புது மிஷின் பட்டறையில் பாலிதீன் பிரிக்காமலே நிற்கிறது. அவர் என்னிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை. சம்மு மட்டும், "எங்கம்மா செஞ்சதை ஃபிரண்ட்ஸ்கிட்டயெல்லாம் சொன்னேன்" என்றாள். அவளைத் திட்டிவிட்டேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

ஜூன் 1

சாயங்காலம் நாச்சிமுத்து சார் வந்தார். சவரம் செய்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது, அவ்வளவு இளைத்துவிட்டார். ஒரு பையில் இளநீர். கதிர்வேல் நாற்காலியை இழுத்துப் போட்டார். சம்மு காபி கொண்டுவந்தாள்.

"கேஸ்ல இருந்து என்ற பேரை எடுத்துருவாங்களாமா. எழுதிக் குடுத்தது ஒண்ணு இருக்குதல்லோ, அதனால கொஞ்சம் இழுக்குமுன்னு வக்கீல் சொன்னாரு. பரவால்லைங்க. இப்பத் தூக்கம் வருது." காபியை ஆற்றினார். "நேத்து கரட்டுப்புதூரு மறுபடி போனேன். அந்த மெயில் நகலைக் காட்டுனேன். ஆறுச்சாமி படிக்கச் சொல்லிக் கேட்டாரு. கடைசி வரியை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு. அப்பறம், தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கறாங்களான்னாரு. அவ்வளவுதான். எனக்குத் தண்ணி குடுத்தாரு."

ஒரு வாய் காபி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். மனசுல உறுத்திக்கிட்டே இருக்குது. அன்னிக்கு நீங்க தேடுனப்ப ஏன் சிக்கலை? தலைப்புல நான் ஏதாச்சும் தப்பா அடிச்சிருந்தனா? லாட் நம்பரை மாத்திக் கீத்திப் போட்டிருந்தனா? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, உங்களுக்கே தெரியும். என்ற தப்புனாலதான் சிக்காமப் போயிருந்துச்சுன்னா சொல்லிருங்க. தெரிஞ்சுக்கறேன்."

ஆமாங்க சார், லாட் நம்பர் மாறியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இளநீரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போயிருப்பார். வாயைத் திறந்தபோது எது வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"இல்லைங்க சார். நீங்க எல்லாம் சரியாத்தான் அடிச்சிருந்தீங்க."

"அப்பறம்?"

"சிக்குச்சுங்க. நீங்க லேப்டாப்பைக் குடுத்துட்டுப் போன அன்னிக்கே சிக்கிருச்சு. படிச்சேன். சந்தையில உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் டம்ளரை மெதுவாக ஸ்டூலில் வைத்தார். காபி பாதி இருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிகச் சன்னமாகச் சொன்னார்:

"எனக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சேனுங்க."

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவுவரை போன கதிர்வேலையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சம்மு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"அப்பா பட்டறைக்கு ஆர்டர் வர்றது நின்னு போயிருமோன்னு..."

"என்ற தலையில கட்டாத," என்றார் கதிர்வேல். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீ என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? ரப்பர் புஷ் எதுக்குன்னுதான் கேட்ட. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியாது.

ஜூன் 2

லீவு போட்டுவிட்டு உடுமலைக்குப் பஸ் ஏறினேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அமுதவல்லி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

"என் வாக்குமூலத்துல ஒரு தேதி தப்புங்க மேடம். திருத்தோணும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றதைப் பார்த்தேன்.

"தெரிஞ்சே மறைச்சிருக்கீங்க. இது உங்க மேலயே திரும்பலாம். தெரியுமா?"

"தெரியுங்க."

"யார் சொல்லி மறைச்சீங்க? உங்க மேலாளரா?"

"ஒண்ணும் பண்ணவேண்டாம்னு மோகனசுந்தரம் சார் சொன்னது பிப்ரவரி இருபதுங்க. நான் மெயிலைப் பாத்தது பதினாலு. நடுவுல யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லலை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது."

"யாருமே சொல்லலை. அப்புறம் ஏன் ஹோல்டு போடலை?"

கதிர்வேல், பட்டறை, சம்முவின் காலேஜ் என்று வரிசையாக நாக்கு நுனிவரை வந்தன. புத்தி பெரண்டு போச்சுன்னு நாச்சிமுத்து சார் சொன்னது காதில் இருந்தது. புதுத் தாளை எடுத்து வைத்துப் பேனாவுடன் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"என்னைய யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேனுங்க," என்றேன்.

அதை அப்படியே எழுதினார்.